அனுமந்திரத்துக்கு ஒரு கம்பி

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஆன்டனி ஜாக்சன் என்ற இளம் பேஸ் கலைஞர் கிட்டார் கட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வியோடு போய் நின்றார். கிட்டாருக்கு ஆறு கம்பி. அந்தக் குடும்பத்திலேயே தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஏன் நாலு? அவருக்கு அப்போதே பெயர் வந்துவிட்டிருந்தது. 1973இல் ஓ'ஜேஸ் குழு பதிவு செய்த 'ஃபார் த லவ் ஆஃப் மணி' பாட்டைத் தூக்கி நிறுத்துகிற பேஸ் வரி அவர் வாசித்தது. பாட்டை எழுதியவர்களில் ஒருவராகவும் அவர் பெயர் இருக்கிறது.

கேள்விக்கு அவரே கண்ட விடை எளிமையானது. 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தது டபுள் பேஸ்; நின்றுகொண்டு அணைத்துப் பிடித்து வாசிக்கிற அந்த ஆளுயர வாத்தியம். அதற்கு நாலு கம்பி, ஆகவே இதற்கும் நாலு. கையில் ஏந்துவது கிட்டாரை. கம்பிக் கணக்கு மட்டும் வேறு குடும்பத்திலிருந்து வந்தது. ஜாக்சன் கிட்டாருக்குரிய ஆறையும் கேட்டார். வழக்கமான இ, ஏ, டி, ஜி கம்பிகளுக்குக் கீழே ஒரு பி, மேலே ஒரு சி. கார்ல் தாம்சன் என்ற கைவினைஞர் 1975இல் அதைக் கட்டிக் கொடுத்தார். ஜாக்சன் அதைக் 'கான்ட்ராபேஸ் கிட்டார்' என்று அழைத்தார்.

இன்று ஐந்து கம்பி பேஸ் எந்த நல்ல கடையிலும் தொங்குகிறது. ஆறும் கிடைக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது என்று போகிறவர்கள் கைவினைஞரிடம் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். நகை செய்யக் கொடுப்பதுபோலத்தான் இதுவும். அளவும் வேலைப்பாடும் நம் விருப்பம், காத்திருப்பு நம் பொறுப்பு. ஆனால் ஆர்டர் கொடுக்கிறவர்களில் பலர் முதலில் பேசுவது மரத்தின் நிறத்தையும் வரிகளையும் பற்றி. கடைசியில், பணம் தீர்ந்த பிறகு, ஆம்ப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கீழ்க் கம்பியின் ஒலியில் பாதிதான் வாத்தியத்தில் பிறக்கிறது. மிச்சம் ஸ்பீக்கரிலும் அறையிலும் காதிலும் பிறக்கிறது. வாத்தியத்தையும் ஆம்பையும் ஒரே ஆர்டராக நினைக்காதவருக்கு, விலை கொடுத்து வாங்கிய அந்தக் கம்பி பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும்.

ஜாக்சனுக்கு முன்னும் கம்பி கூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. டேன்எலெக்ட்ரோ 1956இலும் ஃபெண்டர் 1961இலும் ஆறு கம்பி பேஸ் விற்றார்கள். இரண்டும் சாதாரண கிட்டாரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியவை. கம்பிகள் நெருக்கமாக இருந்ததால் பேஸ் கலைஞரின் விரலுக்கு இடமில்லை. 1965இல் வந்த ஃபெண்டர் பேஸ் ஃபைவ் மேலே ஒரு சி கம்பியைச் சேர்த்து, கழுத்தில் 15 ஃப்ரெட்டோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தே ஆண்டில் நின்றும் போனது. இ கம்பிக்குக் கீழே போகாத இவை எல்லாம் மேல்நோக்கிய முயற்சிகள். கீழே போகும் வழக்கம் ஆர்க்கெஸ்ட்ராவில் ஏற்கெனவே இருந்தது. அங்கே சில டபுள் பேஸ்களில் ஐந்தாவது கம்பி உண்டு, அல்லது தாழ்ந்த கம்பியை நீட்டும் ஒரு கூடுதல் அமைப்பு உண்டு. 1970களின் நடுவில் பேஸ் கலைஞர் ஜிம்மி ஜான்சன் தம் அலெம்பிக் ஐந்து கம்பி பேஸில் தாழ்ந்த பி கம்பியைப் பூட்டினார். இன்று உலகம் முழுவதும் ஐந்து கம்பி என்றால் நினைக்கப்படுவது அந்த அமைப்புதான்.

தாழ்ந்த பி என்பது எவ்வளவு தாழ்வு? நாலு கம்பி பேஸின் இ வினாடிக்கு 41.2 அதிர்வு. பி 30.9. பியானோவின் கட்டைகளில் இடக்கோடியிலிருந்து மூன்றாவது அது. நம் இசையில் மந்திர ஸ்தாயிக்கும் கீழே அனுமந்திரம் என்று சொல்வோம். வீணையில்கூட எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு மேலேறிவிடுகிற இடம். பேஸ் கிட்டார் அதற்கும் வெகு கீழே குடியிருக்கிறது.

ஒரு கம்பியைத் தாழ்த்த மூன்று வழிகள். தளர்த்தலாம், தடிக்க வைக்கலாம், நீட்டலாம். தளர்த்தினால் கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் மோதும். வழக்கமான 34 அங்குல நீளத்தில் இ கம்பியின் தடிமன் 0.105 அங்குலம். அதே இழுவிசையோடு பி ஒலிக்க வேண்டுமானால் கணக்குப்படி 0.140 தேவை. ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஐந்து கம்பி செட்களில் பி 0.130தான் இருக்கிறது. ஐந்தாவது கம்பி மட்டும் தளர்வாக, மற்ற நாலோடு ஒட்டாமல் இருப்பதாகப் பலர் சொல்லும் குறைக்கு முதல் காரணம் இந்தத் தடிமன் வித்தியாசம். பேஸ் சரியில்லை என்று விற்றுவிடும் முன், தடித்த ஒற்றைக் கம்பி ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பது நல்லது.

சரி, தடிக்க வைத்துக்கொண்டே போகலாமா? அதற்கும் எல்லை உண்டு. தடித்த கம்பி கம்பியாக இல்லாமல் கோலாக நடந்துகொள்ளத் தொடங்கும். வளைய மறுக்கும் கம்பியில் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் சரியான இரண்டு, மூன்று, நாலு மடங்குகளில் நிற்காமல் சற்று மேலே விலகிப்போகும். காதுக்கு அது கலங்கலாகக் கேட்கும். டியூனர் ஒன்று சொல்லும், காது வேறு சொல்லும். பிரிட்ஜில் உட்காரும் இடத்தில் மட்டும் மெலிதாக்கிய கம்பிகள் வந்தது இந்த விறைப்பைக் குறைக்கத்தான். 

மிச்சம் நீளம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரத்தை ஸ்கேல் என்பார்கள். இழுவிசை நீளத்தின் இருமடியாக ஏறும். 34லிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் அதே கம்பியில் 6 சதவீதம் கூடுதல் இழுவிசை. 36 என்றால் 12. 37 என்றால் 18. கரிநார்க் கழுத்துகளோடு வந்த மாடுலஸ் நிறுவனம் 35ஐ வழக்கமாக்கியது. ஜாக்சன் 36க்குப் போனார். அதை அவருக்குக் கட்டிக் கொடுத்தது புரூக்ளினில் 1983இல் தொடங்கிய ஃபொடேரா பட்டறை.

நீளம் கூடும்போது இரண்டு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் சில ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான தூரம் கூடி இடக்கை அகல விரிய வேண்டும். மேல் கம்பிகள், தேவையே இல்லாமல், விறைத்து மெலிந்து ஒலிக்கும். பியானோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் தீர்வு தெரியும்: தாழ்ந்த சுரத்துக்கு நீளக் கம்பி, உயர்ந்ததற்குக் குட்டைக் கம்பி. கிட்டாரில் இதைச் செய்ய ஃப்ரெட்டுகளை விசிறிபோலச் சாய்க்க வேண்டும். ரால்ஃப் நோவாக் 1989இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கனடாவின் சாஸ்கடூனில் ஷெல்டன் டிங்வால் அதை எடுத்துக்கொண்டு, பி கம்பிக்கு 37 அங்குலம், ஜி கம்பிக்கு 34 என்று ஐந்து கம்பி பேஸ்கள் கட்டினார். பார்க்கக் கோணலாக இருக்கும். வாசித்தால் அரை மணியில் கை பழகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு, கடைசிவரை பழகாதவர்களும் உண்டு. சாய்வு எந்த ஃப்ரெட்டில் நேராகிறது என்பதைப் பொறுத்து மணிக்கட்டின் வலி மாறும். ஆகவே விசிறி ஃப்ரெட் வாத்தியத்தை வாசித்துப் பாராமல் ஆர்டர் கொடுப்பது கூடாது என்பேன். படத்தைப் பார்த்துச் செருப்பு வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஐந்தா ஆறா என்ற கேள்விக்கு வருவோம். மேலே சேரும் சி கம்பி புதிதாகத் தரும் சுரங்கள் சில மட்டுமே. நாலு கம்பியிலும் கழுத்தின் கோடிக்குப் போனால் அவற்றில் பல கிடைக்கும். அதன் உண்மையான பயன் வேறு. கை நகராமலே இரண்டரை ஸ்தாயி விரலடியில் இருக்கும். ஒரு சுரவரிசையைக் கழுத்தின் நீளத்தில் ஓடாமல் குறுக்கே ஏறி முடித்துவிடலாம். ஜான் பட்டிட்டூச்சி ஆறு கம்பியில் தனி வாசிப்பை வளர்த்தது இந்த வசதியால். ஜாக்சனோ மேல் கம்பியை அதிகம் பாட விடவில்லை. ஸ்டீலி டேன், சகா கான், பிற்காலத்தில் பியானோ கலைஞர் ஹிரோமி உவேஹாரா என்று யாரோடு வாசித்தாலும் அடித்தளமாகவே நின்றார். ஆறு கம்பியும் அந்த அடித்தளத்துக்குள் அவர் நகரும் சுதந்திரத்துக்கு. இந்த இருவரில் எவர் பக்கம் நம் இசை சாய்கிறது என்பதை முடிவு செய்த பிறகுதான் கம்பி எண்ணிக்கையைப் பேச வேண்டும்.

ஏழுக்கு மேல் போகும்போது நான் தயங்குகிறேன். மிசௌரியில் பில் காங்கிளின் ஏழு கம்பி, ஒன்பது கம்பி பேஸ்களை நேர்த்தியாகக் கட்டி, அவற்றுக்கென்று ஒரு கலைஞர் கூட்டமும் உருவானது. மேலே எஃப் கம்பி சேர்ந்த ஏழில் கார்டு வாசிப்பும் இரண்டு கையாலும் தட்டி வாசிப்பதும் இயல்பாக வரும். எம்மெட் சாப்மன் 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டிக் வாத்தியத்தின் உறவு அது. அதில் எனக்குக் குறை இல்லை. என் தயக்கம் கீழே சேரும் எஃப் ஷார்ப் பற்றி. அது 23.1 ஹெர்ட்ஸ். சாதாரண பியானோவின் கடைசிக் கட்டை 27.5இலேயே முடிந்துவிடுகிறது, அதற்கும் கீழே போக 97 கட்டைகள் கொண்ட போசென்டோர்ஃபர் இம்பீரியல் வேண்டும். மனிதக் காதின் வாசல் 20 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பிக்கு இ கம்பியின் இழுவிசை வர வேண்டுமென்றால் 34 அங்குலத்தில் 0.187 தடிமன் தேவை. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அதில் சுரத்தைக் காட்டிலும் தாளத்தையே வாசிக்க முடியும். அதற்காகவே அதைக் கேட்பவர்களுக்கு அது சரி. இசைக் கோவையில் கீழே ஒரு வரி எழுத நினைப்பவருக்கு அது ஏமாற்றம் தரும்.

கம்பி கூடும்போது முதலில் கை உணர்வது சுரத்தை அல்ல, அகலத்தை. பிரிட்ஜில் அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே 19 மில்லிமீட்டர் விடுவது ஃபெண்டர் வழக்கம். அதே இடைவெளியில் ஆறு கம்பி என்றால் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவே 95 மில்லிமீட்டர். ஏழு என்றால் 114. இடைவெளியை 16.5 ஆக்கினால் ஆறு கம்பி 82.5க்குள் அடங்கும். இந்தச் சில மில்லிமீட்டர்தான் கைவினைஞரிடம் பேச வேண்டிய முதல் செய்தி. கட்டைவிரலால் அறைந்து வாசிக்கிறவருக்கு அகல இடைவெளி வேண்டும். மூன்று நாலு விரலால் மீட்டுகிறவருக்கு நெருக்கம் சுகம். ஜாக்சனின் பயணத்திலும் இதுவே முக்கியமான இடம். தாம்சனிடம் தொடங்கி, கென் ஸ்மித்திடம் போய், ஸ்மித்திடம் வேலை பார்த்த வின்னி ஃபொடேரா தனியே தொடங்கிய பட்டறையில் வந்து அவர் நின்றார். ஒவ்வொரு கட்டத்திலும் இடைவெளியும் நீளமும் திருத்தப்பட்டன. ஆறு கம்பியைக் கேட்ட மனிதருக்கே முதல் வாத்தியம் கடைசி வாத்தியமாக அமையவில்லை.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறு கம்பிக்கு அகலக் கழுத்து, ஆறு டியூனிங் சாவி, பெரிய தலை. தோளில் மாட்டியதும் தலைப்பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். அதைத் தாங்கியே இடக்கை களைத்துப்போகும். வார் மாட்டும் மேல்கொம்பு 12ஆம் ஃப்ரெட் அருகே வரும்படி உடலை வரைவதும், சாவிகளை எடை குறைந்ததாகத் தேர்வதும் ஓரளவு தீர்வு. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் காட்டிய தலையில்லா வடிவம் இன்னும் நேரான தீர்வு. சாவிகள் பிரிட்ஜ் பக்கம் போய்விடும். ஜாக்சன் உட்கார்ந்து வாசித்தவர், அந்த ஒரு பழக்கமே அவருக்குப் பல சிக்கலைத் தீர்த்தது. நின்று மூன்று மணி நேரம் வாசிக்க வேண்டியவர் நாலு கிலோவுக்குக் கீழ் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கைவினைஞர் முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும்.

மரத்துக்கு இப்போதுதான் வருகிறேன். தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தில் குடம் முதல் யாளி வரை குடைந்தெடுக்கும் ஏகாந்த வீணைக்கு உள்ள மதிப்பு, பேஸ் உலகில் கழுத்தும் உடலும் ஒரே துண்டாக ஓடும் அமைப்புக்கு உண்டு. அழகும் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போகும் வசதியும் அதில் நிச்சயம். ஆனால் தாழ்ந்த பி திடமாக ஒலிக்க அதுவே வழி என்பது மெய்யல்ல. டிங்வாலின் பேஸ்கள் கழுத்தைத் திருகாணியால் பூட்டியவை. அவற்றின் பி கம்பிக்குக் கிடைத்திருக்கும் பெயர் சின்னதல்ல. முக்கியம் கழுத்தின் விறைப்பு. நாலு கம்பிகள் கழுத்தை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஆறு கம்பிகள் 110 கிலோவை எட்டும். பல துண்டு மரங்களை நார் மாற்றி ஒட்டிய கழுத்து, உள்ளே வளைவைத் திருத்தும் இரண்டு ட்ரஸ் ராட், பக்கத்தில் கரிநார்ப் பட்டைகள்: இவற்றுக்குக் கொடுக்கும் பணம் மேலே ஒட்டும் வரிமரத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பல மடங்கு பயன் தரும். மேல்பலகைக்குப் பெரிய ஒலி வேறுபாடு இருப்பதாக நான் நம்பவில்லை. கண்ணுக்கு அழகு என்று தெரிந்து கேட்பதில் குற்றமும் இல்லை.

ஒரு மரம் மட்டும் நம் பக்கத்துக் கதை. விரற்பலகைக்கு உலகெங்கும் போகும் இந்திய ரோஸ்வுட் நம் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். பட்டா நிலத்திலும் அதை இஷ்டம்போல் வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே வந்தது. 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் உலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியபோது, கிட்டார் ஒன்றை நாடு விட்டு நாடு விற்கவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பல பட்டறைகள் வேறு மரங்களுக்குத் தாவின. 2019 இறுதியில் முழுமையாக முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 1992 முதலே அது கடுமையான பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் சொல்லிச் செய்கிறவர் அதை ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பிக்கப் விஷயம் சுருக்கமானது. அகலம் கூடிய வாத்தியத்தில் கோடிக் கம்பிகள் பிக்கப்பின் காந்தப் பரப்பைத் தாண்டி நின்றால் அந்தக் கம்பி மட்டும் மெலிந்து கேட்கும். ஆகவே கம்பி இடைவெளியைத் தீர்மானித்த பிறகே பிக்கப்பைத் தேர்வது ஒழுங்கு. உள்ளே வைக்கும் பிரீஆம்ப் வசதிதான். ஆனால் தாழ்ந்த பி உள்ள வாத்தியத்தில் பேஸ் குமிழை ஏற்றும் பழக்கம் பின்னால் வரும் ஸ்பீக்கருக்குச் செய்கிற கொடுமை. பேட்டரி தீர்ந்தாலும் ஒலிக்கும்படி ஒரு ஸ்விட்ச் கேட்டு வைத்துக்கொள்வது புத்தி.

கைவினைஞரிடம் பேசுவது எப்படி? என் கருத்தில் நல்ல ஆர்டரில் ஆசைகள் குறைவாகவும் அளவுகள் நிறையவும் இருக்கும். நீளம், இடைவெளி, நட்டின் அகலம், கழுத்தின் பின்வளைவு, எடையின் மேல்வரம்பு, போடப்போகும் கம்பிகளின் தடிமன், நிற்கிறோமா உட்காருகிறோமா, எவ்வளவு தாழ்த்திச் சுருதி சேர்க்கிறோம். கம்பித் தடிமனைச் சொல்லாமல் விட்டால் நட்டின் வெட்டையும் பிரிட்ஜின் துளையையும் பிறகு அறுக்க வேண்டி வரும். ஒலியைச் சொற்களால் விவரிப்பதை விட, நமக்குப் பிடித்த ஒரு பதிவையும் நாம் வாசித்த ஒரு பதிவையும் அனுப்புவது அவருக்கு அதிகம் உதவும். 'கதகதப்பான ஒலி' என்றால் ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு பொருள்.

ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு கைவாகு உண்டு. அவர் நூறு முறை செய்ததை நூற்றோராம் முறை கேட்பவருக்குச் சிறந்த வாத்தியம் கிடைக்கும். அவர் செய்தே இராததைக் கேட்பவர் அவருடைய பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார். ஜாக்சன்போல் இல்லாத ஒன்றைக் கேட்பவர்கள் வேண்டும், அவர்களால்தான் வாத்தியம் வளர்கிறது. ஆனால் அவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்யத் தயாராக இருக்க வேண்டும். பணம் முழுவதையும் முன்னால் கொடுக்கக் கூடாது. முன்பணம், கழுத்து ஒட்டியதும் ஒரு பகுதி, கம்பி மாட்டி ஒலித்த பிறகு மிச்சம் என்று பிரித்து, தாமதமானால் என்ன, பட்டறை மூடினால் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆள் நடத்தும் பட்டறைகள் நோயாலும் கடனாலும் நின்றுபோவது இந்தத் தொழிலில் புதிதல்ல. அதில் முன்பணத்தை இழந்தவர்கள் உண்டு. கலைஞனை நம்புவதும் கணக்கை எழுதி வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

இனி ஆம்ப். பேஸ் ஆம்புகளின் அரசன் என்று பலர் கும்பிடுவது ஆம்பெக் எஸ்விடி. 1969இல் வந்தது, வால்வுகளால் 300 வாட், தலை மட்டும் 38 கிலோ. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டின் அமெரிக்கப் பயணத்துக்கு எடுத்துப்போனார்கள். கூட நிற்பது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஆளுயரப் பெட்டி. அந்தப் பெட்டியின் தயாரிப்பாளர் தரும் அளவையே எடுத்துப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல். அதாவது ராக் இசையின் பேஸ் ஒலி இதுதான் என்று உலகம் ஏற்றுக்கொண்ட பெட்டி, நாலு கம்பி பேஸின் இ கம்பியினுடைய அடிப்படை அதிர்வையே முழுதாகத் தருவதில்லை. பி கம்பியின் 31 ஹெர்ட்ஸ் அதில் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

அப்படியானால் கேட்டது எது? மேற்சுரங்கள். 62, 93, 124 என்று அடுக்காக வரும் அதிர்வுகளைக் காது வாங்கியதும், அவற்றுக்குப் பொதுவான 31ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. 1980களில் டிரான்சிஸ்டர் ரேடியோவில் இளையராஜா பாடல்களின் பேஸ் நடையைக் கேட்டு வாயால் பாடிக்காட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரங்கள் வர வழியே இல்லை. வந்தது அவற்றின் நிழல்; சுரத்தை நாமே கட்டிக்கொண்டோம். தாழ்ந்த பி கம்பியிலும் இதேதான் நடக்கிறது. அதனால்தான் மேற்சுரங்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும் கம்பி வேண்டும் என்று நீளத்துக்கும் விறைப்புக்கும் இவ்வளவு பாடு. மேற்சுரம் கலைந்தால் மூளைக்குக் கணக்குப் போட முடியாது.

அடிப்படை அதிர்வையே முழுதாகக் கேட்க வேண்டும் என்பவரின் ஆசையும் நியாயமானதுதான். நெஞ்சில் இடிக்கிற அந்தக் காற்று வேறு எதிலும் வராது. அதன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதக் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தம். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாகக் கேட்கும் மென்மையான ஒலிக்கு இணையாக 31 ஹெர்ட்ஸில் கேட்க 88 டெசிபல் வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே அளவு ஒலி தர ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்பின் போக வேண்டும். ஒலி இரட்டிப்பாகக் கேட்கச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 300 வாட் ஆம்பை 600 வாட்டாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். வாட் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பணம் மிஞ்சும். ஆம்புக்கு வாட் கூட்டுவதைவிட இன்னொரு பெட்டி சேர்ப்பது நல்ல வழி. கூம்புப் பரப்பு கூடும்போது ஒவ்வொரு கூம்பும் நகர வேண்டிய தூரம் குறையும்.

பெட்டிக்கும் ஒரு விதி உண்டு. ஸ்பீக்கர் பொறியாளர் ஹாஃப்மன் சொன்னது: ஆழம், சத்தம், சிறிய உருவம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே பெட்டியில் கிடைக்கும். நியோடிமியம் காந்தமும் டி வகுப்பு ஆம்பும் எடையைக் குறைத்தன. இன்று 500, 800 வாட் தரும் தலை இரண்டு மூன்று கிலோதான். எஸ்விடியைத் தூக்கிய முதுகுகளுக்கு அது வரம். ஆனால் இயற்பியல் விதியை அவை மாற்றவில்லை. சிறிய பெட்டியில் ஆழம் வேண்டுமென்றால் சத்தத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

எனவே ஐந்து, ஆறு கம்பி வாத்தியத்துக்கு நான் பரிந்துரைப்பது முழுப் பரப்பையும் சமமாகத் தரும் பெட்டி. மேல் கம்பிகளுக்காக ட்வீட்டரோ நடுத்தர ஸ்பீக்கரோ அதில் இருக்க வேண்டும். 1984இல் தொடங்கிய எஸ்டபிள்யூஆர் நிறுவனம் பேஸ் பெட்டியில் ட்வீட்டர் வைத்துப் புகழ் பெற்ற பிறகு இது வழக்கமானது. கூடவே, முரணாகத் தோன்றினாலும், 30 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே வெட்டிவிடும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று வேண்டும். துளை வைத்த பெட்டிகளில், அந்தத் துளைக்கு இசைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கை கம்பியில் படும் தட்டல்கூட அதை எல்லை மீறி உதறவைக்கும். காதுக்கு எட்டாத அந்த அசைவை வெட்டியதும், எட்டும் ஒலி தெளிந்து சத்தமும் கூடும். எஃப் ஷார்ப் கம்பி வைத்திருப்பவர் இதைச் செய்தால் தம் கம்பியின் அடியையே வெட்டுகிறார், செய்யாவிட்டால் ஸ்பீக்கரைக் கிழிக்கிறார். என் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அறையையும் சொல்லாமல் விட முடியாது. பி கம்பியின் ஒலி அலை 11 மீட்டர் நீளம். நம் வீட்டு அறை எதுவும் அவ்வளவு நீளமில்லை. அலை சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் குமுறி இன்னோரிடத்தில் மறைந்துபோகும். ஒரே சுரம் நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தினால் வேறாகக் கேட்கும். பெட்டியை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கும். சுவரிலிருந்து விலக்கினால் மெலியும். கடையில் கேட்டுப் பிடித்த பெட்டி வீட்டில் ஏமாற்றினால், பெட்டியை விற்கும் முன் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். மேடையில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கும். பெரிய அரங்குகளில் பேஸ் நேராக மிக்ஸருக்குப் போய் சப்வூஃபரில் வருகிறது. மேடைப் பெட்டி வாசிப்பவர் தன்னைக் கேட்க மட்டுமே. பெரும்பாலும் அத்தகைய மேடையில் வாசிப்பவர் பெட்டியில் போடும் பணத்தைக் குறைத்து நல்ல பிரீஆம்ப்பிலும் காதில் மாட்டும் மானிட்டரிலும் போடலாம்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ நம் ஊருக்கு வரவழைப்பவர் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சில ஆம்புகள் இரண்டையும் தாங்கும். சிலவற்றில் பின்னால் ஸ்விட்ச் இருக்கும். பழைய வால்வு ஆம்புகளில் டிரான்ஸ்ஃபார்மரே மாற வேண்டும். எர்த் சரியில்லாத மேடையில் ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸில் முனகும். அது பேஸின் தாழ்ந்த ஜி சுரத்தை, 49 ஹெர்ட்ஸை, ஒட்டி நிற்பதால் வாசிப்போடு கலந்து உறுத்தும். இரட்டைச் சுருள் பிக்கப் கேட்பது நலம். குளிர்காலத்து உலர்ந்த பட்டறையில் கட்டிய கழுத்து சென்னையின் ஈரக்காற்றைக் குடித்து முதல் சில வாரங்களில் அசையும். உறையைப் பிரித்த அன்றே கம்பி உயரத்தைத் திருத்த ஆரம்பிக்காமல், பத்து பதினைந்து நாள் அறையில் நிறுத்தி, தினமும் சுருதி சேர்த்து வாசித்துவிட்டு, பிறகு ட்ரஸ் ராடில் கால் திருகு மட்டும் திருப்பி மறுநாள் வரை காத்திருக்கலாம். 37 அங்குல நீளத்துக்கு எல்லாக் கம்பியும் எட்டாது. கடையில் கிடைக்கும் செட்டை வாங்கி மாட்டினால் தடித்த பகுதி நட்டைத் தொடும் முன்பே முடிந்து, மெலிந்த வால்தான் அதில் உட்காரும். ஆகவே வாத்தியத்தோடு சேர்த்து, அதே நீளத்தில் பி கம்பி மட்டும் தனியாக மூன்றோ நாலோ அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.